டேல்ஸ்ஃபோர்டு ஓடைகளும் பழைய தங்கவயல் தடங்களும்: குழுவாக நடக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மெல்பர்னிலிருந்து வடமேற்கே சுமார் 115 கிலோமீட்டரில், ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் டேல்ஸ்ஃபோர்டு இருக்கிறது. ஊர் ஏரிக்கரையில் தொடங்கி, ஓடைகளை ஒட்டியே போய், ஹெப்பர்ன் கனிம ஊற்றுப் பூங்காவில் முடியும் டிப்பரேரி நடைத்தடத்தைப் பற்றியே பெரும்பாலும் இங்கே சொல்கிறோம். பலருக்கு முதல் குழு நடையே இதுதான். கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றேதான்.

எவ்வளவு தூரம்? எவ்வளவு கடினம்?

ஒரு வழி 16 கிலோமீட்டர். ஏரி, டிப்பரேரி ஊற்று, பிரைசஸ் ஃபிளாட், ப்ளோஹோல் என்று போய்க் கடைசியில் பிரேக்நெக் பள்ளத்தாக்கு வழியாக ஹெப்பர்ன். மலையேற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சின்னச் சின்ன ஏற்ற இறக்கம் ஓயாது. வாரத்தில் மூன்று நாளாவது ஒரு மணி நேரம் நடப்பவர் தாராளமாக முடிக்கலாம். நாற்காலியை விட்டு எழாதவர் 10 கிலோமீட்டர் தாண்டியதும் முழங்காலைப் பிடித்துக்கொள்வார்.

இந்தத் தடத்தின் பெரும்பகுதி, பல்லாரட் அருகே புனின்யாங் மலையிலிருந்து பென்டிகோ வரை 210 கிலோமீட்டர் ஓடும் கோல்டுஃபீல்ட்ஸ் டிராக் என்ற நெடுந்தடத்தோடு சேர்ந்தே போகிறது. வழிக்கம்பங்களில் இரண்டு பெயர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். அந்த நெடுந்தடம் ஹெப்பர்னோடு நிற்காமல் காசில்மெய்ன் நோக்கிப் போய்விடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை. ஓடையில் தண்ணீர் ஓடும், வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும், பாம்பும் அனலும் இன்னும் முழுதாக வந்திருக்காது. ஏப்ரல், மே அடுத்த தேர்வு. டேல்ஸ்ஃபோர்டு கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே இருப்பதால் ஜூன், ஜூலைக் காலைகளில் உறைபனி சாதாரணம். மெல்பர்ன் வெயிலைப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தால் நடுங்குவீர்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இந்தத் தடத்துக்குக் குழுவைக் கூட்டிப் போகாதீர்கள் என்பதே எங்கள் கருத்து. வெயிலைக்கூடத் தாங்கிவிடலாம், காட்டுத்தீதான் பிரச்சினை. தடம் பெரும்பாலும் ஓடைப் பள்ளத்துக்குள் போகிறது. பள்ளத்திலிருந்து வெளியேறும் வழிகள் குறைவு, மேலே புகை கிளம்பினாலும் கீழே இருப்பவருக்குத் தெரியாது. எந்த மாதமானாலும் முந்தின நாள் மாலையும் கிளம்பும் காலையும் விக்எமர்ஜென்சி என்ற விக்டோரியா அரசின் அவசர எச்சரிக்கைச் செயலியைப் பாருங்கள். தீ அபாய நிலை நான்கு படிகள்: மிதம், உயர்வு, தீவிரம், பேரழிவு. தீவிரம் என்று வந்தாலே நடையைத் தள்ளிப்போடுங்கள். பேரழிவு என்றால் பூங்காக்களையே மூடிவிடுவார்கள். வெளியிடத்தில் தீ மூட்டக் கூடாது என்று அரசு அறிவிக்கும் முழுத் தீத்தடை நாளில் சின்ன கேஸ் அடுப்புகூட வேண்டாம். டீயைப் பிளாஸ்கில் கொண்டுவாருங்கள்.

எத்தனை பேர் போகலாம்? நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

12 பேர் வரை ஒரே குழு. அதற்கு மேல் என்றால் இரண்டாகப் பிரித்து 20 நிமிட இடைவெளியில் விடுங்கள். தடம் பல இடங்களில் ஒற்றையடிப் பாதை. 25 பேர் போனால் முன்னவருக்கும் பின்னவருக்கும் இடையே அரைக் கிலோமீட்டர் விழுந்துவிடும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என இருவர் பொறுப்பு. கடைசியாக வருபவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. இயற்கைக் கடன் கழிக்க ஒதுங்குபவர் பையைத் தடத்திலேயே வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருபவர் அதைப் பார்த்து நிற்பார். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் கூடி, தலை எண்ணி, பிறகே நகர வேண்டும்.

தனியாளுக்கு மணிக்கு 4 கிலோமீட்டர் வரும். குழுவுக்கு 3 என்று போடுங்கள். 16 கிலோமீட்டருக்கு ஐந்தேகால் மணி நேரம், சாப்பாட்டுக்கு 40 நிமிடம், நின்று நின்று பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் இன்னொரு 40. மொத்தம் ஆறரை முதல் ஏழு மணி நேரம். ஜூனில் சூரியன் மாலை ஐந்தேகாலுக்குள் மறைந்துவிடும், பள்ளத்தில் அதற்கும் முன்பே இருட்டும். எனவே 9 மணிக்கு நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும். "ஒன்பது மணிக்கு ஏரிக்கரை" என்று செய்தி அனுப்பினால் நம் ஆட்கள் ஒன்பதே முக்காலுக்கு வருவார்கள். எட்டரை என்று அனுப்புங்கள்.

தொடங்குமிடம் ஒன்று, முடியுமிடம் வேறு. கார்களை என்ன செய்வது?

எல்லாக் கார்களும் முதலில் ஏரிக்கரைக்கு வரட்டும். ஆட்களையும் பைகளையும் இறக்கிவிட்டு, ஓட்டுநர்கள் மட்டும் கார்களை ஹெப்பர்னில் நிறுத்திவிட்டு, ஒரே காரில் ஏறித் திரும்பட்டும். இரண்டு ஊர்களுக்கும் இடையே சாலை வழியில் சில கிலோமீட்டர்தான். நடை முடிந்ததும் எல்லோருக்கும் கார் அங்கேயே நிற்கும், ஏரிக்கரையில் விட்ட ஒன்றை மட்டும் போய் எடுத்தால் போதும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்றுதான்: ஹெப்பர்னில் நிற்கும் காரின் சாவியை ஏரிக்கரையில் நிற்கும் காருக்குள் வைத்துவிட்டு நடப்பது. கிளம்பும் முன் ஒவ்வொரு ஓட்டுநரும் தன் சாவியைக் கையில் தூக்கிக் காட்டட்டும்.

தடம் சில இடங்களில் மலைச்சரிவிலும் மேசைபோல் சமமாக இருக்கிறதே, ஏன்?

அது நடப்பதற்காக வெட்டிய பாதை இல்லை, தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். தங்கம் கலந்த மண்ணைக் கழுவத் தண்ணீர் வேண்டும். ஓடையின் மேற்பகுதியிலிருந்து, மலையின் மடிப்புகளைச் சுற்றி, மிக மெல்லிய சரிவில் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார்கள். இங்கே அதை ரேஸ் என்பார்கள். தடத்தின் ஓரத்தில் நீளமாக ஒரு பள்ளமும் அதன் வெளிப்புறம் மண்கரையும் கூடவே வந்தால் நீங்கள் ரேஸின் கரையில் நடக்கிறீர்கள்.

இந்த நிலத்தைப் படிக்கப் பழகிவிட்டால் நடையின் ருசியே வேறு. காடு பார்க்க இயற்கையாகத் தெரியும். உண்மையில் இங்கே கைபடாத இடம் குறைவு. 1851-இல் இப்பகுதியில் முதலில் தங்கம் கிடைத்த வாம்பட் ஃபிளாட் இன்று ஏரிக்கு அடியில் கிடக்கிறது. அணை கட்டி ஏரியாக்கும் முன் அங்கே சீனர்களின் காய்கறித் தோட்டங்கள் இருந்தன. ஓடைக்கரையில் உருண்டைக் கற்கள் குவியல் குவியலாகக் கிடந்தால் அது வெள்ளம் கொண்டுவந்ததல்ல, மண்ணைக் கழுவியபின் மனிதர்கள் பொறுக்கி வீசியது. மரங்களையும் கவனியுங்கள். ஒரே அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் வட்டமாக எழுந்திருக்கும். சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் நீராவிக் கொதிகலனுக்கு விறகாகவும் மூலமரத்தை வெட்டிவிட்டார்கள், யூகலிப்டஸ் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்தது. தண்டுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம்தான் பழைய மரத்தின் பருமன்.

இந்நிலத்தின் மூத்த குடிகளான ஜா ஜா வுரங் மக்கள் இதைத் தலைகீழாகப் புரட்டப்பட்ட நாடு என்கிறார்கள். அடிமண் மேலே, மேல்மண் ஓடையில். மிகையே இல்லாத வருணனை. பழைய வரைபடங்களில் ஜிம் குரோ கிரீக் என்றிருக்கும் ஓடைக்கு இன்று அவர்கள் மொழியில் லார்னி பரமல் யாலுக் என்று பெயர். வரைபடமும் பலகையும் வேறு வேறு பெயர் சொன்னால் வழி தவறிவிட்டதாக நினைக்காதீர்கள்.

ப்ளோஹோல் என்பது என்ன?

ஓடை ஒரு மலைமூக்கைச் சுற்றிக் கொண்டை ஊசிபோல் வளைந்து போய்க்கொண்டிருந்தது. 1870-களில் சுரங்கக்காரர்கள் அந்த மூக்கின் குறுக்கே பாறையைக் குடைந்து ஓடையைத் திருப்பிவிட்டார்கள். வளைவில் கிடந்த பழைய படுகை காய்ந்தது. அதிலுள்ள மண்ணை அள்ளித் தங்கம் தேடினார்கள். மழைக்குப் பின் குகைவாயில் தண்ணீர் இரைச்சலோடு கொட்டும். கோடையில் வெறும் குட்டைதான், பலருக்கு ஏமாற்றம். ஆகஸ்டைச் சிபாரிசு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது உள்ளே புகுந்து மறுபக்கம் வரலாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். வேண்டாம். பாறை பாசி படிந்தது. வெள்ளம் அடித்துவந்த மரக்கட்டைகள் உள்ளே சிக்கியிருக்கும், தண்ணீருக்கடியில் அவை கண்ணுக்குத் தெரியாது.

பழைய சுரங்கக் குழிகள் உண்மையிலேயே ஆபத்தா?

இந்த நடையில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். பாம்பு விலகிப்போகும், குழி போகாது. மத்திய விக்டோரியாவின் தங்கவயல்களில் கைவிடப்பட்ட குழிகளுக்குப் பஞ்சமே இல்லை. எல்லாவற்றுக்கும் வேலி கிடையாது.

அடையாளம் இதுதான்: காட்டின் நடுவே, வெளிறிய கல்லும் களிமண்ணும் வளையமாகவோ பிறைபோலவோ குவிந்த மேடு. தோண்டியதைக் குழியைச் சுற்றித்தான் கொட்டுவார்கள். ஆகவே மேடு இருந்தால் நடுவில் குழி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் ஏறி எட்டிப் பார்ப்பதுதான் தவறு. குழியின் விளிம்பு மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் மண் சரிந்து குடைந்திருக்கும், ஆள் நின்றதும் விளிம்போடு இறங்கும். சில குழிகளை அந்தக் காலத்தில் மரக்கட்டை போட்டு மூடினார்கள். கட்டை உளுத்து, மேலே இலைச் சருகு மூடி, தரைபோலவே தெரியும். கோலார் தங்கவயலில் வளர்ந்தவர்கள் குழுவில் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.

மலையில் கிடையாகக் குடைந்த சுரங்கவாய்க்குள்ளும் நுழையாதீர்கள். கூரை சரியலாம், உள்ளே காற்றில் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், தரையிலேயே இன்னொரு செங்குத்துக் குழி திறந்திருக்கலாம். படமெடுக்கப் பின்னோக்கி நடப்பதற்குக் குழுவில் முழுத்தடை போடுங்கள். யாராவது விழுந்துவிட்டால் விளிம்புக்குப் போகாமல் தூர நின்று குரல் கொடுங்கள், அவசர உதவி எண்ணான 000-ஐ அழையுங்கள். கயிறு கட்டி இறங்கிக் காப்பாற்றும் வேலை வேண்டாம். அடுத்து விழுவது அப்படி இறங்குபவர்தான்.

ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

கூடாது. காய்ச்சினால் கிருமி சாகும். இங்கே பிரச்சினை கிருமி மட்டுமல்ல. இப்பகுதியின் தங்கப்பாறையில் ஆர்சனிக் தாதுவும் சேர்ந்தே இருக்கும். பாறையை இடித்துப் பொடியாக்கியபோது அதுவும் வெளியே வந்தது. பொடியிலிருந்து தங்கத்தைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்தினார்கள். இரண்டும் தங்கம் எடுத்தபின் கொட்டிய பழைய கழிமண்ணில் இன்னும் தங்கியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் ஆர்சனிக் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். சாதாரண மலையேற்ற வடிகட்டிகளும் கரைந்த ஆர்சனிக்கைப் பிடிப்பதில்லை. செடி முளைக்காமல் சாம்பலும் மஞ்சளுமாகக் கிடக்கும் நுண்மணல் மேடுகளில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். சாப்பிடும் முன் வீட்டுத் தண்ணீரால் கை கழுவுங்கள்.

ஆளுக்குக் குளிர்நாளில் 2 லிட்டர், 25 டிகிரிக்கு மேல் என்றால் 3 லிட்டர். தடத்தில் குழாய்த் தண்ணீரை நம்ப வேண்டாம்.

கனிம ஊற்றுத் தண்ணீர்?

அது வேறு கதை. ஆழத்துப் பாறைகளின் ஊடே ஊறி, மெக்னீசியம், கால்சியம், பைகார்பனேட், கரியமில வாயு கலந்து தானாகவே நுரைத்து வருகிறது. கைப்பம்பு வைத்திருப்பார்கள். சிலவற்றைப் பலமுறை அடித்த பிறகே தண்ணீர் வரும். முதலில் பம்பிலுள்ள அறிவிப்பைப் படியுங்கள். கிருமி கண்டால், முக்கியமாக வெள்ளத்துக்குப் பின், ஊற்றை மூடிவைப்பார்கள். ஊற்றுக்கு ஊற்று சுவை மாறும். துருப்பிடித்த சொம்பில் சோடா ஊற்றியதுபோல் இருக்கும் என்பதுதான் முதல் தடவை குடிப்பவர் வழக்கமாகச் சொல்வது. அரை டம்ளரில் தொடங்குங்கள். போத்தலில் நிறைத்து இறுக மூடிப் பைக்குள் வைத்தால் வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். நடைக்கு நடுவே வயிறு நிறையக் குடிக்கவும் வேண்டாம், மெக்னீசியம் வயிற்றை இளக்கும்.

தங்கம் தோண்டியவர்கள் இந்த ஊற்றுகளையும் தோண்டி அழித்திருப்பார்கள். 1865-இல் ஹெப்பர்ன் வாசிகள் அரசுக்கு மனுப்போட்டுத் தடுத்ததால்தான் இன்று குடிக்கக் கிடைக்கிறது.

பாம்பு கடித்தால்?

பிரவுன் பாம்பு, டைகர் பாம்பு இரண்டும் இங்கே உண்டு. ஓடையோரப் புல்லில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை கவனம். முழுக்காற்சட்டை, கணுக்காலை மூடும் பூட்ஸ் போதுமான காப்பு. கீழே கிடக்கும் கட்டையைத் தாண்டும்போது நேராக அந்தப் பக்கம் காலை வைக்காமல், முதலில் கட்டைமேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கடித்துவிட்டால் ஆளை அந்த இடத்திலேயே படுக்கவையுங்கள். நடக்கவிடக் கூடாது. கடிவாயைக் கழுவாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். தோலில் தங்கிய விஷம் மருத்துவமனைச் சோதனைக்கு உதவும். 10 முதல் 15 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜை முதலில் கடிவாய்மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். பிறகு இன்னொன்றை விரல்களிலிருந்து தொடங்கி மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுவதும் சுற்றுங்கள். சுளுக்குக்குக் கட்டும் அளவு இறுக்கம் போதும், ரத்தம் நிற்கும் கயிற்றுக்கட்டு அல்ல. குச்சி வைத்துக் கட்டி அசையாமல் செய்யுங்கள். 000-ஐ அழையுங்கள். ஒரு கடிக்கு இரண்டு பேண்டேஜ் என்ற கணக்கில் குழுவில் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய கிரேப் துணி அல்ல, கனமான எலாஸ்டிக். ஒரு முறை வீட்டில் கட்டிப் பழகுங்கள். கையில் பெட்டியை வைத்துக்கொண்டு உறையைப் படித்துக்கொண்டிருக்கும் நேரம் அதுவல்ல.

கைபேசி எடுக்குமா?

மேட்டில் எடுக்கும், ஓடைப்பள்ளத்தில் பல இடங்களில் எடுக்காது. எமர்ஜென்சி பிளஸ் செயலியை முன்பே இறக்கி வைத்திருங்கள், இணையம் இல்லாமலே நீங்கள் நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவைக் காட்டும். வரைபடத்தைக் கைபேசியில் சேமிப்பதோடு தாளிலும் ஒன்று வையுங்கள். குழுவுக்கு, கைபேசி எடுக்காத இடத்திலும் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி (PLB) ஒன்று வாடகைக்கு எடுப்பது வீண்செலவு அல்ல. ஊரில் இருக்கும் ஒருவரிடம் தடமும் திரும்பும் நேரமும் சொல்லி, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுங்கள்.

காற்று பலமாக இருந்தால் நடக்கலாமா?

வேண்டாம். யூகலிப்டஸ் கிளை எச்சரிக்காமல் முறியும். 2021 ஜூன் புயலில் இந்தச் சுற்றுவட்டாரக் காடுகளில் ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. நீண்ட மழைக்குப் பின் மண் ஊறியிருக்கும்போது மிதமான காற்றே போதும். சாப்பிட உட்காரும்போதும் தலைக்கு மேலே ஒருமுறை பாருங்கள்.

என்ன செருப்பு, என்ன சாப்பாடு?

அடிப்பகுதி ஆழமாகப் பள்ளம் பள்ளமாக உள்ள பூட்ஸ். இறக்கங்களில் கெட்டிக் களிமண்மேல் குவார்ட்ஸ் பொடிக்கல் கிடக்கும். கேழ்வரகு கொட்டிய சிமெண்ட் தரையில் நடப்பதுபோல் வழுக்கும். சாதாரண ஓட்டக் காலணியோடு வருபவர்கள் விழுவது ஏற்றத்தில் அல்ல, இந்த இறக்கங்களில். கைத்தடி ஒன்று இருந்தால் நல்லது.

புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, சப்பாத்திச் சுருள் நன்றாகத் தாங்கும். தயிர்ச்சோறு குளிர்காலத்தில் சரி, வெயில்நாளில் வேண்டாம். பிட்டு தொண்டையில் அடைக்கும், அதற்கே அரை லிட்டர் தண்ணீர் போய்விடும். வாழை இலை, ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாக் குப்பையும் திரும்பி வர வேண்டும்.

வழியில் பிளாக்பெரி பழுத்திருக்கிறது, பறிக்கலாமா?

பறிக்காதீர்கள். அது இங்கே களைச்செடி, பூங்காக்காரர்கள் களைக்கொல்லி தெளிப்பார்கள். தெளித்த அன்று பழத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

தங்கம் தேடலாமா?

முதலில் மைனர்ஸ் ரைட் என்ற விக்டோரியா அரசின் தங்கம் தேடும் உரிமம் வாங்க வேண்டும், 10 ஆண்டு செல்லும். 1854-இல் பல்லாரட்டில் தங்கம் தோண்டியவர்கள் நடத்திய யுரேகா கிளர்ச்சிக்குப் பின், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்த உரிமக் கட்டணத்தை ஒழித்துக் கொண்டுவந்த முறையின் தொடர்ச்சி அது. கைக்கருவி மட்டும், இயந்திரம் கூடாது. தோண்டியதை மூடிவிட வேண்டும். எந்தப் பகுதியில் அனுமதி என்பதைப் பூங்கா வரைபடத்தில் பாருங்கள். பழங்குடி மரபிடங்களும் சுரங்கச் சின்னங்களும் தொடக்கூடாதவை. நடைநாளில் இதைச் சேர்க்காதீர்கள். ஒருவர் தங்கம் அரிக்கும் தட்டோடு ஓடையில் குந்திவிட்டால் பதினொரு பேர் நிற்க வேண்டும்.

சிறு பிள்ளைகளும் பெரியவர்களும் வருகிறார்கள். முழுத்தடம் முடியாதே?

அவர்களை ஹெப்பர்ன் ஊற்றுப் பூங்காவில் விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்து வந்து சேரலாம். ப்ளோஹோல், பிரைசஸ் ஃபிளாட் இரண்டுக்கும் கார் போகும், அங்கே சேர்ந்து கொஞ்ச தூரம் நடப்பதும் உண்டு. இன்னொரு நாள் என்றால் காசில்மெய்ன் பக்கம் சூட்டன் என்ற சிற்றூரில் கார்ஃபீல்டு நீர்ச்சக்கரம் இருந்த இடத்துக்குப் போங்கள். 1887-இல் பாறை இடிக்கும் ஆலையை ஓட்ட 22 மீட்டர் விட்டத்தில் சக்கரம் வைத்தார்கள். சக்கரம் இல்லை, அதைத் தாங்கிய இரண்டு கல்தூண் சுவர்கள் நிற்கின்றன. அடியில் ஒரு குழந்தையை நிறுத்திப் பார்த்தால்தான் அளவு புரியும்.

கழிவறை எங்கே?

ஏரிக்கரையிலும் ஹெப்பர்னிலும். நடுவில் இருக்கும் என்று எண்ணிக் கிளம்பாதீர்கள். குழி தோண்டக் கையளவு மண்வெட்டி ஒன்று கொண்டுபோங்கள். ஓடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி, 15 சென்டிமீட்டர் ஆழம், காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஓடையிலிருந்து தள்ளிப் போகிறேன் என்று கல்மேட்டுப் பக்கம் போய்விடாதீர்கள். தடம் கண்ணில் படும் தூரத்திலேயே, தரையைப் பார்த்து நடங்கள்.